தாமாரின் அங்கி: இளையோர் போதனையில் விடுபட்ட ஓர் அதிகாரம்

நம் ஞாயிறு பள்ளிகளில் யோசேப்பின் அங்கியை அறியாத பிள்ளை இல்லை. விடுமுறை வேதாகமப் பள்ளியில் அதற்கு வண்ணந்தீட்டி வீட்டுக்குக் கொண்டுபோகாத பிள்ளையும் இல்லை. ஆனால் அதே வகை அங்கியைத் திருமறையில் ஒரு பெண்ணும் அணிந்திருந்தாள் என்பதைப் பிள்ளைகள் மட்டுமன்றி, அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியருள் பலரும் அறியார். ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தில் யோசேப்பின் உடையைக் குறிக்கும் 'கெத்தோனெத் பஸ்ஸிம்' என்னும் எபிரேயத் தொடர், அந்த வரலாற்றுக்கு வெளியே ஒரேயொரு நிகழ்ச்சியில்தான் வருகிறது. 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமார் உடுத்தியிருந்த அங்கி அது. அது பல வருணங்களையுடையதா, நீண்ட கைகளையுடையதா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை; ஈண்டு அது நமக்கு முக்கியமன்று. ஓர் அங்கியை உடன்பிறந்தார் உரிந்து இரத்தத்தில் தோய்த்தனர். மற்றோர் அங்கியை, உடன்பிறந்தானால் வன்கொடுமைக்கு உள்ளானவள் தானே கிழித்துக்கொண்டாள். முன்னது நம் பாடநூல்களில் இடம்பெற்றது, பின்னது பெறவில்லை. அந்த அதிகாரத்தை நம் பிரசங்க மேடை இதுகாறும் கையாண்டுவந்த முறையைத் திறனாய்வதும், பதினான்கு பதினைந்து வயதினர் அமர்ந்திருக்கும் திடப்படுத்தல் வகுப்பில் அது கற்பிக்கப்படவேண்டும் என வாதிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விடுபடல் தமிழ்த் திருச்சபைக்கு மட்டும் உரியதன்று. பல நாடுகளில் சபைகள் கைக்கொள்ளும், 1992-இல் திருத்தி வெளியிடப்பட்ட பொதுத் திருமறைப் பாட அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மூவாண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில் அது தாவீதின் வரலாற்றை ஞாயிறுதோறும் வாசிக்கச் செய்கிறது. ஒரு ஞாயிற்றில் நாத்தான் தாவீதைக் கண்டிக்கும் 12-ஆம் அதிகாரம். அடுத்த ஞாயிற்றில் அப்சலோம் மடியும் 18-ஆம் அதிகாரம். இடையில் தாமார் இல்லை. மகன் தகப்பனுக்கு விரோதமாய் எழும்பியதன் வேரை அறியாமலே சபையார் தகப்பனின் புலம்பலைக் கேட்டுக் கண் கலங்குகின்றனர்.

அபூர்வமாய் இவ்வதிகாரம் பிரசங்கிக்கப்படும்போது அது மூன்று விதமாய்க் கையாளப்படக் கேட்டிருக்கிறோம். முதலாவது, வாலிபர் கூட்டங்களில் இச்சையைக் குறித்த எச்சரிப்பாக. அம்னோன் இச்சித்தான், விழுந்தான், மாண்டான். ஆகவே வாலிபனே, உன் கண்களைக் காத்துக்கொள் என்பது அதன் சாரம். ஆனால் அம்னோன் இடறி விழுந்தவன் அல்லன், திட்டமிட்டு வீழ்த்தியவன். விபசாரம், காதல், வல்லுறவு, சுரண்டல் என்னும் வெவ்வேறானவற்றை 'வாலிப பாவங்கள்' என்று ஒரே மூட்டையாய்க் கட்டும் போதனை, பிள்ளைக்கு ஆபத்தான ஒரு கணக்கைக் கற்றுக்கொடுக்கிறது. தனக்கு இழைக்கப்பட்ட தீங்கும் தான் செய்த பாவமும் ஒன்றே என்னும் கணக்கு அது. அப்படிக் கற்ற பிள்ளை, தீங்கு நேர்ந்த நாளில் ஆயரிடம் வராது; வந்தாலும் முறையிட வராது, பாவ அறிக்கை செய்யவே வரும்.

இரண்டாவது விதம் இதினும் கொடிது. தனியறைக்குள் போனதால் தாமாருக்கு இது நேர்ந்தது, ஆகவே பெண்பிள்ளைகள் எச்சரிக்கையாய் இருக்கவேண்டும் என்பது. இப்படிப் பேசுவோர் மூலபாடத்தை வாசித்தாரா என்றே ஐயுறவேண்டியுள்ளது. தாமார் தன் விருப்பப்படி எங்கும் போகவில்லை. அரசனும் தகப்பனுமாகிய தாவீது ஆளனுப்பிக் கட்டளையிட்டான்; போனாள். போன இடம் அந்நியன் வீடன்று, அண்ணன் வீடு. போன காரணம் வீண்பொழுதன்று, நோயாளிக்குப் பணிவிடை. அவன் கண்முன்பாகவே மாவைப் பிசைந்து, பணியாரம் சுட்டு, சட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். பெற்றோருக்குக் கீழ்ப்படிதல், மூத்தோரை மதித்தல், நோயுற்றோரைப் பேணுதல், அடுக்களையில் கைத்திறம் என நம் பெண்பிள்ளைகளுக்கு நாம் நல்லொழுக்கமாய்க் கற்பிக்கும் அனைத்தையும் அவள் அன்று செய்தாள். அவளைச் சிக்கவைத்த கண்ணி அந்த நல்லொழுக்கங்களாலேயே பின்னப்பட்டது. கீழ்ப்படிதலை மட்டும் கற்பித்து, எப்போது கீழ்ப்படியலாகாது என்பதைக் கற்பியாத வகுப்பு, பிள்ளையை நிராயுதபாணியாய் அனுப்புகிறது.

மூன்றாவது விதம் இறையியலாரிடமே மிகுதியும் காணப்படுவது. பத்சேபாள் காரியத்தில் தாவீது செய்த பாவத்துக்கு நாத்தான் முன்னுரைத்த தண்டனை இங்கே நிறைவேறுகிறது என்பர். சாமுவேல் நூலின் அமைப்பில் 11, 13 ஆகிய அதிகாரங்கள் ஒன்றையொன்று நோக்குகின்றன என்பதில் ஐயமில்லை. அரண்மனையின் மேல்மாடியிலிருந்து தகப்பன் செய்ததை மகன் படுக்கையறையில் செய்கிறான். ஆனால் ஒரு குடும்பத்தில் தீமை தலைமுறை கடந்து தொடர்கிறது என்று நூலாசிரியர் காட்டுவது வேறு. தகப்பனைத் தண்டிக்கக் கடவுள் மகளை இவ்விதம் ஒப்புக்கொடுத்தார் என்று நாம் பிரசங்கிப்பது வேறு. பின்னதில் தாமார் ஒரு ஆளே அல்லள். தாவீதின் கணக்கேட்டில் பற்று எழுதப்பட்ட ஒரு தொகை. வகுப்பின் கடைசி வரிசையில் இப்படிப்பட்ட தீங்கைத் தன்னுள் சுமந்துகொண்டு மௌனமாய் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இதைக் கேட்டால், தன் தகப்பன் என்ன பாவம் செய்தானோ என்று எண்ணும். இப்படிப்பட்ட கடவுளிடம் எப்படி ஜெபிப்பது என்றும் எண்ணும். 13-ஆம் அதிகாரம் முழுவதிலும் கர்த்தர் பேசியதாகவோ செய்ததாகவோ ஒரு வரியும் இல்லை என்பது நோக்கத்தக்கது. நூலாசிரியர் காத்த மௌனத்தை நாம் ஏன் நம் விளக்கத்தால் நிரப்பவேண்டும்?

இனி, அதிகாரத்தை அதன் போக்கிலேயே வாசிப்போம். அம்னோனுக்கு யோனதாப் என்றொரு நண்பன். தாவீதின் அண்ணன் மகன். அவனை அறிமுகப்படுத்தும் 'ஹக்காம்' என்னும் எபிரேயச் சொல், சாலொமோனுடைய ஞானத்தைச் சொல்ல ஆளப்படும் அதே சொல். நோயுற்றவன்போல் படுத்துக்கொள், தகப்பன் பார்க்க வருவார், அவரிடம் தங்கையை அனுப்பும்படி கேள் என்பது அவன் வகுத்த வழி. முதலில் இரக்கம் வேண்டப்படுகிறது. அடுத்து, நம்பத்தக்க பெரியவரின் வாயாலேயே அனுப்புகை நிகழ்கிறது. பின்னர் எல்லாரும் வெளியேற்றப்படுகின்றனர். அதன்பின் உள்ளறைக்குக் கொண்டுவா என்னும் சிறு வேண்டுகோள். அதற்கும் பின்னரே கைப்பற்றுதல். சுரண்டுவோர் இன்றும் இந்த வரிசையிலேயே நடக்கின்றனர். கைபேசியில் முகமறியாத ஒருவன் தன் துயரத்தைச் சொல்லி இரக்கம் பெறுகிறான். உன்னை நான் மட்டுமே புரிந்துகொண்டேன் என்று மற்றவரிடமிருந்து பிரிக்கிறான். நம்பிக்கைக்கு அடையாளமாய் ஒரு படம் கேட்கிறான். படம் கிடைத்தபின் அதையே கயிறாக்கிக் கழுத்தில் போடுகிறான். நாம் பட்டியலிட்டுக் கொடுப்பதைவிட, யோனதாபின் ஆலோசனையைப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்து, 'இது எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கலாம்? யாரால்?' என்று கேட்பது நன்று. இவ்வயதினர் கதைக்குள் கண்டதை மறவார்.

யோனதாபைக் குறித்து இன்னொன்று. அம்னோன் கொல்லப்பட்ட செய்தி அரண்மனைக்கு வந்தபோது, தாமாருக்கு நேர்ந்த நாள்முதலே அப்சலோம் இதைத் தீர்மானித்திருந்தான் என்று தாவீதிடம் அமைதியாய் எடுத்துச் சொல்பவன் இவனே. எல்லாம் அறிந்தவன், இரண்டு ஆண்டுகள் எவரிடமும் சொல்லாதவன். இப்படிப்பட்ட 'ஞானிகள்' நம் சேகரக் குழுக்களிலும் இல்லாமலில்லை.

உறவுச் சொற்கள் இவ்வதிகாரத்தில் எவ்வளவு நெருக்கமாய்த் தொடுக்கப்பட்டுள்ளன என்பதைத் தமிழ் வாசகர் எளிதில் உணர்வர். அண்ணன், தங்கை, மகன், மகள் என்னும் சொற்கள் ஏறத்தாழ ஒவ்வொரு வசனத்திலும் வருகின்றன. அம்னோன் கையைப் பிடித்து அழைக்கும் அந்தக் கணத்திலும் அவளைச் சகோதரி என்றே அழைக்கிறான். நம் சபைகளில் வாலிபர் முகாமை நடத்துகிறவர் 'அண்ணன்'. பாடற்குழுவைப் பழக்குகிறவர் 'அண்ணன்'. ஆயர் 'ஐயா', அவர் மனைவி 'அம்மா'. இவ்வழக்கு நம் சபை வாழ்வின் அழகு. அதை விட்டுவிடவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் உறவுச் சொல் நம்பிக்கையைத் தானாகவே பெற்றுத் தருவதால், அந்த நம்பிக்கைக்குத் தகுதியற்றவனும் அதன் நிழலில் ஒதுங்க முடிகிறது. 'அண்ணன்' என்று அழைக்கப்படுகிறவன் ஒரு பிள்ளையை மட்டும் தனியே அழைக்கலாகாது, இரகசியம் காக்கச் சொல்லலாகாது, சொன்னால் அவன் அந்தப் பெயருக்குரியவன் அல்லன் என்று பிள்ளைகளுக்கு வெளிப்படையாய்ச் சொல்லவேண்டும். அந்த 'அண்ணன்' அமர்ந்திருக்கும்போதே சொல்லவேண்டும்.

'அன்பு' என்னும் சொல்லுக்கு வருவோம். அம்னோன் தாமாரை நேசித்தான் என்றே அதிகாரம் தொடங்குகிறது. 15-ஆம் வசனத்தில் அந்த நேசத்தைவிடப் பெரிதான வெறுப்பால் அவளை வெறுக்கிறான். 17-ஆம் வசனத்தில் வேலைக்காரனிடம் அவளை வெளியே தள்ளச் சொல்லும்போது எபிரேயத்தில் 'பெண்' என்ற சொல்லும் இல்லை. 'இதை' என்பதுபோல் ஒரு சுட்டு மட்டுமே இருக்கிறது. நேசிக்கப்பட்டவள் ஒரு பொழுதுக்குள் பொருளானாள். அப்படியானால் தொடக்கத்தில் இருந்தது நேசமா? இக்கேள்வியைத் திடப்படுத்தல் வகுப்பில் கேட்டால் விவாதம் தானே பிறக்கும். ஏனெனில் நம் பிள்ளைகள் காதலைப் பெரும்பாலும் திரைப்படங்களிலிருந்து கற்கின்றனர். மறுத்த பெண்ணைத் தெருத்தெருவாய்த் தொடர்ந்து, இறுதியில் அவள் மனம் இளகச்செய்யும் நாயகனை அவை மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இங்கே நம் சொந்த இலக்கண மரபு நமக்குக் கைகொடுக்கிறது. தொல்காப்பியர் ஒத்த அன்புடைய ஐந்திணையைத் தனியே நிறுத்தி, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் அதற்கு இருபுறமும் ஒதுக்கினார். காமம் மிகுந்து வலிமை காட்டுதலை அவர் பெருந்திணையுள் அடக்கினார். அம்னோனுடைய 'நேசம்' எத்திணை என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவனைக் கேட்டுப் பாருங்கள். இரு பக்கத்திலும் ஒத்து எழுவதே அன்பு என்னும் உண்மையை வெளிநாட்டுக் கையேடுகளிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய தேவை தமிழ்ச் சபைக்கு இல்லை.

தாமாரின் மறுப்புக்கு இரண்டு முழு வசனங்களை நூலாசிரியர் ஒதுக்கியுள்ளார். வேண்டாம் என்கிறாள், வற்புறுத்தாதே என்கிறாள், இஸ்ரவேலில் இப்படிச் செய்வதில்லை என்று மரபை எடுத்துக்காட்டுகிறாள், தன் அவமானத்தையும் அவனுக்கு வரும் கேட்டையும் சொல்லுகிறாள், அரசனிடம் பேசு என்று தப்பும் வழியும் காட்டுகிறாள். அவள் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை. எனினும் அவன் அவளிலும் பலத்தவனாயிருந்தான். பெண்பிள்ளைகளுக்கு 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கினால் போதும் என எண்ணுவோர் இவ்விடத்தில் நின்று சிந்திக்கவேண்டும். மறுக்கக் கற்பிப்பது அவசியம். ஆனால் தெளிவாய் மறுத்தும் தீங்குக்கு உள்ளான பிள்ளையிடம், அல்லது அச்சத்தால் நாவெழாமற்போன பிள்ளையிடம், நீ இன்னும் உரக்கச் சொல்லியிருக்கவேண்டும் என்பது அம்னோனின் பக்கம் நின்று பேசுவதாகும்.

அரசனிடம் கேட்டால் அவர் என்னை உனக்குத் தர மறுக்கமாட்டார் என்னும் அவள் வார்த்தையை எடுத்துக்கொண்டு, தீங்கு இழைத்தவனுக்கே மணம்முடித்து வைப்பதைத் திருமறை ஏற்கிறது என்று ஊர்ப் பஞ்சாயத்துப் பாணியில் வாதிடுவோரும் உண்டு. கதவு பூட்டப்படும் முன் கிடைத்த எந்தக் கிளையையும் பற்றிக்கொள்ளுகிறவளின் வார்த்தை அது. அதைச் சட்டமாக்குவது வாசிப்பே அன்று.

இனி மிக முக்கியமான பகுதி. தாமார் தலையில் சாம்பலிட்டு, அங்கியைக் கிழித்து, உரத்த சத்தமாய் அழுதுகொண்டு போனாள். மறைக்கவில்லை. வீதியில் கேட்கும்படி முறையிட்டாள். அவளை முதலில் சந்தித்தவன் உடன்பிறந்த அப்சலோம். அவன் கேட்ட முதற்கேள்வியிலேயே நடந்ததை அறிந்திருந்தான் என்பது தெரிகிறது. பின் அவளுக்குச் சொன்னது: அவன் உன் சகோதரன், பேசாமலிரு, இதை மனதில் வைக்காதே. அப்சலோம் அவளை நேசித்தவன் என்பதில் ஐயமில்லை. தன் வீட்டில் இடமும் கொடுத்தான். ஆனால் அவள் குரலை வாங்கிக்கொண்டு தன் பழிவாங்கலை வளர்த்தான். 'வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது' என்று நம் வீடுகளில் சொல்லப்படுவதன் எபிரேய வடிவம் இது. அதன்பின் தாமார் அவ்வதிகாரத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாழாய்க் கிடக்கும் நிலத்துக்கும் நகரத்துக்கும் தீர்க்கதரிசிகள் ஆளும் வேர்ச்சொல்லால் அவள் நிலை குறிக்கப்படுகிறது.

தாவீது? கேள்விப்பட்டு மிகவும் கோபங்கொண்டான். எபிரேய மசோரெத்திய பாடம் அவ்வளவோடு நிற்கிறது. நம் பழைய தமிழ்த் திருமறையும் அதையே பின்பற்றுகிறது. ஆனால் கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் 21-ஆம் வசனத்தின் முடிவில் மேலும் ஒரு கூற்று உண்டு: அம்னோன் தலைச்சன் பிள்ளையாதலாலும் அவனை நேசித்ததாலும் தாவீது தன் மகனின் மனத்தை நோகச்செய்யவில்லை என்பது அதன் கருத்து. கும்ரானின் 4-ஆம் குகையிற் கிடைத்த சாமுவேல் சுருளிலும் இக்கூற்றின் எச்சங்கள் காணப்படுவதால், இது மொழிபெயர்ப்பாளர் கூட்டியதன்று, பழைய எபிரேயப் பாடத்திலேயே இருந்தது எனக் கொள்ள வலுவான ஆதாரம் உண்டு. படியெடுத்தோர் கண் வழுவி விட்டனரோ, வேறு காரணமோ, இன்றைய தமிழ்ச் சபை தாவீதின் கோபத்தை மட்டுமே வாசிக்கிறது. கோபம் ஏன் செயலாகவில்லை என்பதை வாசிப்பதில்லை. மூலபாடத் திறனாய்வு இறையியல் கல்லூரி வகுப்பறையோடு முடிந்துவிடும் வறட்டுக் கலை என்று எண்ணும் மாணவர், தலைச்சன் பிள்ளைக்காகத் தகப்பன் காத்த மௌனம் என்னும் இவ்வொரு கூற்றை எடுத்துக்கொண்டு எந்தச் சேகரத்துக்கும் போகலாம். பெரிய குடும்பத்துப் பையன், குழு உறுப்பினர் மகன், ஆலயத்துக்கு மிகுதியாய்க் கொடுக்கிறவர் தம்பி என்று அதற்கு அங்கே பல பெயர்கள் உண்டு.

தாவீதுக்கு இல்லாத ஒரு கட்டாயம் இன்றைய ஆயருக்கு உண்டு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு இத்தகைய குற்றம் நேர்ந்தது என அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார்க்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்கவேண்டும் என்கிறது. திருப்பணியாளருக்கு அதில் விலக்கு இல்லை. தெரிவியாதிருத்தல் 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்கு அதனால் சட்டப் பொறுப்பு வராது என்றும் அதே சட்டம் காப்பளிக்கிறது. சமய நிறுவனத்தில் பொறுப்பிலிருப்பவர் அங்குள்ள பிள்ளைக்கு இழைக்கும் குற்றத்தை அது கடுமை மிகுந்த வகையில் வைத்துள்ளது. 'சபைக்குள்ளே பேசித் தீர்ப்போம்' என்பது ஆகவே இரக்கமுமன்று, சட்டமுமன்று. பிள்ளையின் பெயரை ஜெபக் குறிப்பாய்க்கூட வெளியிடலாகாது என்பதையும் ஆயர் நினைவிற்கொள்ளவேண்டும்.

இச்சட்டத்தைத் தவறாய்க் கையாளுவோரும் உளர். தன் வீட்டு ஆண்பிள்ளை செய்த தீங்கை மூடிமறைக்கும் அதே குடும்பம், தன் பெண் வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்றதும் காவல் நிலையத்துக்கு ஓடுகிறது. 2021-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், இளையோர் தமக்குள் ஒத்துக் கொள்ளும் காதல் உறவைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று எனக் கருத்துரைத்து ஒரு வழக்கை ரத்துச் செய்தது. எனினும் 18 என்னும் வயது வரம்பு மாறவில்லை; பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் சொல்லவேண்டும். அன்பையும் சுரண்டலையும் பிரித்தறியாத சபை, இரண்டிலும் தவறான பக்கத்தில் நிற்கும்.

ஆண்பிள்ளைகளைக் குறித்தும் சொல்லவேண்டும். நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தீங்கைச் சந்தித்ததாகக் கூறினர். அவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். பெரும்பாலான பிள்ளைகள் எவரிடமும் சொல்லவில்லை. ஆகவே பெண்பிள்ளைகளை மட்டும் ஆயரம்மா தனியே அழைத்து எச்சரிக்கும் பழைய முறை பாதிப் பேரைக் கைவிடுகிறது. ஆண்பிள்ளையும் தாமாராகலாம். அவனே அம்னோனும் ஆகலாம், யோனதாபும் ஆகலாம். இவற்றை அவனிடம் யார் பேசுவது?

தென் ஆப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள உஜமா மையத்தார் 1990-களின் பிற்பகுதிமுதல் இவ்வதிகாரத்தைச் சபைப் பெண்களோடு கூடி வாசித்ததும், அது தாமார் இயக்கம் என்று பெயர்பெற்றுப் பரவியதும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கன. அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. கதையில் வரும் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார், தாமார் எப்படி மறுமொழி கூறுகிறாள், உங்கள் நடுவில் தாமார் யார் என்று கேட்டனர். பின்னர் அதே அதிகாரத்தை ஆண்களோடும் வாசித்து, ஆண்மை எது என்பதைப் பேசினர்.

நம் திடப்படுத்தல் வகுப்புக்கு இம்முறை பொருந்தும். பத்துக் கட்டளைகளைக் கற்பிக்கும் வாரங்களில் ஏழாம் கட்டளைக்கு ஒதுக்கப்படும் அரைமணி நேரத்துக்குள் இதைத் திணிக்கலாகாது. மூன்று வாரங்களேனும் தேவை. முதல் வாரம் யோனதாபின் ஆலோசனை; இரண்டாம் வாரம் அன்பு, வெறுப்பு என்னும் சொற்கள்; மூன்றாம் வாரம் தாமாரின் அழுகையும் அதைக் கேட்டவர்களும். ஆசிரியர் ஆணாயின், ஒரு பெண் ஆசிரியரும் உடனிருக்கவேண்டும். வகுப்பறையின் கதவு திறந்திருக்கவேண்டும். சிறார் உதவி எண் 1098-ஐயும், இணையவழிக் குற்றங்களுக்கான 1930-ஐயும் கரும்பலகையில் எழுதி, மனப்பாட வசனங்களைப்போலவே ஒப்புவிக்கச் செய்யலாம். வகுப்பு முடிந்தபின் ஆசிரியர் உடனே எழுந்து போகாமல் சற்றுநேரம் அங்கேயே இருப்பது நல்லது; பேசவேண்டிய பிள்ளை பெரும்பாலும் கடைசியாகவே எழும்பும். நான்காம் வாரம் பிள்ளைகளுக்கு விடுமுறை. அன்று மாலை பெற்றோரையும் சேகரக் குழுவினரையும் அதே இருக்கைகளில் அமர்த்தி, 20, 21-ஆம் வசனங்களை மட்டும் வாசிக்கவேண்டும்.